நூற்றுக்குப் பதினைந்து

என்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. 'பரவாயில்லையே, நல்லா நடக்கிறியே' என்கிறவர்களை அதைவிடப் பிடிக்காது. இந்த இரண்டு கட்சியிலும் சேராத ஆள் ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் ஒருத்தர்கூட இல்லை என்பதால், எனக்கு யாரையுமே பிடிக்காமல் போய்விட்டது.

இன்டர்மீடியட் முதல் வருஷம் முடித்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்தவன் நான். சிக்னல்ஸ் பிரிவு. இம்பாலுக்குப் போகிற ரோட்டில் ஒரு கண்ணிவெடி என் இடது பாதத்தின் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை எனக்கு விட்டுவைத்தது. குதிகால் இருக்கிறது. விரல்கள் கிடையாது. தழும்பின்மேல் வளர்ந்த தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல நின்றால் வெடித்துவிடும். பட்டாள டாக்டர்கள் என் ஊனத்துக்கு நூற்றுக்கு நாற்பது என்று போட்டு, அதற்கேற்ற பென்ஷனும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அது நிரந்தரம் இல்லை. மெடிக்கல் போர்டு என்னை மறுபடியும் கூப்பிட்டுப் பார்க்கும். ஊனம் இருபதுக்குக் கீழே வந்துவிட்டது என்று போர்டு சொல்லிவிட்டால் பென்ஷன் அடியோடு நின்றுவிடும்.

அந்தப் பென்ஷனை நம்பித்தான் சுதந்திரம் வந்த வருஷம் வேலூரில் விட்ட இடத்திலிருந்து படிக்கச் சேர்ந்தேன். அறை வாடகை, மெஸ் சாப்பாடு, காலேஜ் பீஸ் எல்லாமே அதுதான். அது நின்றால் படிப்பு நிற்கும். படிப்பு நின்றால் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஏதாவது ஒரு டேனரி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கு சலாம் வைக்க வேண்டியதுதான். 'பாவம்' கட்சிக்காரர்கள் எல்லாரும் எனக்கு அந்த வேலையைத்தான் சிபாரிசு செய்தார்கள்.

காலேஜில் எனக்கென்றே ஒரு சனியன் காத்திருந்தார். கெமிஸ்ட்ரி லெக்சரர் கோதண்டபாணி. முதல் நாளே எல்லாப் பையன்களுக்கும் முன்னால் என்னை எழுப்பி நிறுத்தினார்.

"மிஸ்டர் கனகராஜ், உங்களைத்தான் சர்க்கார் உட்கார வெச்சு சோறு போடுதே. இங்க வந்து எதுக்கு ஒரு சீட்டை அடைச்சுக்கறீங்க?"

"படிக்கறதுக்கு சார்."

"லேப்ல மூணு மணி நேரம் நிக்கணும். கையில ஆசிட் இருக்கும். நீங்க தடுக்கி விழுந்தா பக்கத்துப் பையன் மூஞ்சி வெந்துபோகும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்க நொண்டறதையோ உட்கார்றதையோ நான் பார்த்தேன்னா, பிரின்சிபால்கிட்ட சொல்லி வெளியே அனுப்பிடுவேன். சம்மதமா?"

"சம்மதம் சார்."

அந்த லேபில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. பிரம்பு பின்னியது, கை வைத்தது, அவருடையது. அதில் உட்கார்ந்துகொண்டுதான் என்னை நிற்கச் சொன்னார். என்னைவிட அஞ்சாறு வயசு சின்னப் பையன்கள் என்னை 'மிலிட்டரி மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருத்தனை மாடிப்படித் திருப்பத்தில் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தியபின், என் முதுகுக்குப் பின்னால் மட்டும் அப்படிக் கூப்பிட்டார்கள்.

நொண்டாமல் நடக்க எனக்கு ஒரு பூட்ஸ் செய்து கொடுத்தவர் என் அப்பா ஜம்புலிங்கம். நான் அவரை நைனா என்று கூப்பிடுவேன். ஆம்பூரில் ஷபீ அஹமது சாயபுவின் தோல் மண்டியில் அவருக்கு வேலை. மெட்ராஸிலிருந்து தோல் வாங்க வருகிற ஆள் முன்னால் சரக்கை விரித்துக் காட்டுவார். வாங்குகிறவன் ஒவ்வொரு தோலாகத் தடவி, எங்கே கத்தி பட்டிருக்கிறது, எங்கே உண்ணி கடித்திருக்கிறது, எங்கே பூச்சி அரித்திருக்கிறது என்று பார்த்து, கடைசியில் 'நூற்றுக்கு இத்தனை ரிஜெக்ட்' என்று ஒரு எண் சொல்வான். எண் ஏறினால் விலை இறங்கும். எண் இறங்கினால் விலை ஏறும். என் அப்பா வாழ்நாள் முழுக்கப் பார்த்த உத்தியோகம் அந்த எண்ணை இறக்குவதுதான். நல்ல பக்கம் மேலே, வெட்டு உள்மடிப்பில், அதற்கு மேல் நாலு வார்த்தை புகழ்ச்சி. வாங்க வந்தவன் எதிரில் சொந்தச் சரக்கைப் பற்றி ஒரு குறை சொன்னவனுக்கு அந்த மண்டியில் மறுநாள் வேலை இருக்காது.

வீட்டிலும் அவர் அப்படித்தான். என் அக்காவுக்குக் கொஞ்சம் மாறுகண். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவளைப் பக்கவாட்டில் உட்கார வைத்தே கல்யாணத்தை முடித்த மனுஷன்.

பூட்ஸுக்கான தோலை அவரே பொறுக்கினார். ஒரு பொட்டு வடு இல்லாத தோல். ஆம்பூரில் பூட்ஸ் தைக்கிற ஒரு பாயைப் பக்கத்திலேயே உட்கார்ந்து தைக்க வைத்தார். விரல் இல்லாத இடத்தில் கார்க்கை அடைத்து, வலது பூட்ஸுக்கு ஜோடியாக நிறுத்தியபோது எது ஊனக்கால் பூட்ஸ் என்று எனக்கே தெரியவில்லை.

"எவன் பாத்தாலும் கண்டுபுடிக்க முடியாது" என்றார் அப்பா. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கோதண்டபாணியின் கண் முன்னால் சிப்பாய் மாதிரி நடந்தேன். மாடி ஏறினேன். மூன்று மணி நேரம் நின்றேன். உள்ளே தழும்பு வெடித்து ரத்தம் ஊறும். அறைக்கு வந்து வெந்நீரில் காலை ஊறவைத்துத்தான் காலுறையை உரித்தெடுக்க முடியும். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். மாசக் கணக்கில் பார்த்தும் ஒன்றும் சிக்காமல் அவர் முகம் கடுத்துப்போனதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு குரூர சந்தோஷம் இருந்தது. அப்பா எப்போது கேட்டாலும் 'நல்லா இருக்குது, மூணு மணி நேரம் நின்னாலும் வாத்தியாருக்கே தெரியல' என்பேன். அவர் கேட்பதே அந்தப் பதிலுக்காகத்தான்.

தீபாவளி லீவுக்கு ஆம்பூர் வந்திருந்தபோது போர்டிலிருந்து அழைப்பு வந்தது. லீவு முடிந்து காலேஜ் திறக்கிற அன்றைக்குக் காலையில், வேலூர் கோட்டைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் மூன்று டாக்டர்கள் உட்காருவார்கள். பென்ஷன் வாங்குகிற இடத்தில் எனக்குப் பழக்கமான துரைசாமி என்று ஒருத்தர் உண்டு. திமிரிக்காரர், குண்டு சத்தத்தில் இரண்டு காதும் போனவர். அவர் முன்பே எனக்கு யோசனை சொல்லியிருந்தார்.

"பூட்ஸு கீட்ஸு போட்டுகினு மிடுக்கா போய் நிக்காதே தம்பி. கட்டுத்துணியோட, கோலு ஊணிகினு போ. நல்லா நடந்து காட்டினவனுக்கெல்லாம் பென்ஷனைப் புடுங்கிட்டானுங்க."

அப்படித்தான் போவதென்று முடிவு செய்தேன். அடி தேய்ந்திருந்த பூட்ஸை வீட்டிலேயே விட்டேன். புது அடி போட்டு வைப்பதாக அப்பா சொல்லியிருந்தார். போர்டுக்கு அவர் வரக்கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தேன்.

"நீ வராதே நைனா. உனக்கு அங்க வேலை இல்ல."

"யாரு பாக்க வர்றாங்க?"

"மூணு டாக்டரு."

"பாத்துட்டு இன்னா பண்ணுவாங்க?"

"நூத்துக்கு இத்தினி கொறைன்னு போடுவாங்க. அதை வெச்சித்தான் பென்ஷன்."

"நூத்துக்கா?" என்று கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவ்வளவுதானே? பேஜாரே வாணாம். இதெல்லாம் நமக்குப் புதுசா?"

எனக்கிருந்த எரிச்சலில் அவர் என்ன சொல்கிறார் என்று யோசிக்கவில்லை. வராதே என்று இன்னொரு தரம் கத்திவிட்டு முந்தின நாளே ரயிலேறினேன்.

போர்டு அன்று பங்களா வராந்தாவில் நீளமாக ஒரு பெஞ்சு. கை இல்லாதவன், கண் இல்லாதவன், மூச்சு வாங்குகிறவன் என்று வரிசையாக உட்கார்ந்திருந்தோம். துரைசாமி உள்ளே போய்விட்டுச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். அவருக்குப் பென்ஷன் நிலைத்துவிட்டது. அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். கோலை ஊன்றி எழுந்தேன். அப்போதுதான் பார்த்தேன், சலவைச் சட்டையும் தோளில் துண்டுமாக அப்பா படியேறி வந்துகொண்டிருந்தார். கக்கத்தில் துணி சுற்றிய பொட்டலம்.

"திரும்பிப் போ" என்றேன்.

"நடடா" என்று சொல்லி, என் பின்னாலேயே உள்ளே நுழைந்துவிட்டார். துணைக்கு வந்தவர் என்று நினைத்து பியூன் தடுக்கவில்லை.

நடுவில் ஒரு கர்னல், இரண்டு பக்கமும் இரண்டு மேஜர்கள். ஒரு மேஜர் தமிழர். அவர்தான் என்னிடம் கேட்டார். அதிக நேரம் நிற்க முடியாது, நின்றால் தழும்பு வெடித்து ரத்தம் வருகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயா, பையன் கூச்சப்படறான். நான் சொல்றேன், கேளுங்க."

"இவர் யாரு?"

"என் தகப்பனார். அவருக்கு ஒண்ணும் தெரியாது. வெளியே அனுப்பிடுங்க."

"பெத்தவனுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?" என்று அப்பா மேஜை பக்கம் வந்துவிட்டார். மண்டியில் பேசுகிற அதே குரல், அதே கையசைப்பு. "ஒரு கொறையும் கெடையாதுங்க. மாடி ஏறுவான், எறங்குவான். காலேஜ்ல மூணு மணி நேரம் நின்னுகினே வேலை செய்றான். அங்க இருக்கற வாத்தியாரே கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாத்தும் ஒண்ணும் கண்டுபுடிக்க முடியல. இப்ப இங்கியே காட்டறேன் பாருங்க."

பொட்டலத்தைப் பிரித்தார். மெழுகு தேய்த்த பூட்ஸ் ஜோடி பளபளவென்று வெளியே வந்தது. எனக்கு முன்னால் மண்டி போட்டு, கட்டுத்துணியோடு என் இடது காலையும் பிறகு வலது காலையும் அதற்குள் நுழைத்து, கயிற்றை இழுத்துக் கட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, 'நைனா, கெடுத்துடாதே' என்றேன். 'சும்மா இரு, சிரிச்ச மூஞ்சியா நில்லு' என்றார். கர்னலுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கோலைக் கீழே வைத்துவிட்டுச் சுவர் வரைக்கும் நடந்து வரச் சொன்னார்.

நொண்டியிருக்கலாம். நொண்ட எனக்குப் பூரண உரிமை இருந்தது. ஆனால் பூட்ஸ் காலில் ஏறியதும், மூன்று பேர் உட்கார்ந்து என் காலைப் பார்ப்பதைக் கண்டதும், கோதண்டபாணி எனக்குப் பழக்கிவிட்ட நடைதான் வந்தது. முதுகு நிமிர்ந்துவிட்டது. சுவர் வரை போய்த் திரும்பி வந்தேன். பாழாய்ப்போன கால் ஒரு தரம்கூட இழுக்கவில்லை.

"ஸ்ப்ளெண்டிட்" என்றார் கர்னல். அவரும் 'பரவாயில்லையே' கட்சிதான்.

"வேஷம் சார் இது. உள்ளே பாருங்க" என்று பூட்ஸையும் கட்டையும் அவிழ்த்துக் காட்டினேன். லீவு நாள் முழுக்கப் பூட்ஸ் போடாமல் வீட்டில் கிடந்ததில் புண் ஆறிப்போய், தழும்பு பழுதே இல்லாமல் மினுங்கியது. தமிழ் மேஜர் குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், நிமிர்ந்து கர்னலிடம் ஏதோ சொன்னார். கர்னல் தலையை ஆட்டினார்.

"எவ்வளவுங்க போட்டிருக்கீங்க?" என்று அப்பா கேட்டார்.

"பதினஞ்சு, பெரியவரே."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை என் அக்கா கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் துரைசாமி கையை ஆட்டி 'எவ்வளவு' என்று கேட்டார். அப்பா அவர் காதுக்குப் பக்கத்தில் போய், பெஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"நாப்பது இருந்துச்சுங்க. பதினஞ்சா எறக்கிட்டேன்! மெட்ராஸ்காரன்கிட்டகூட இந்த மாதிரி எறக்கினதில்ல நான்."

பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். துரைசாமி என்னைப் பார்த்தார். அப்பா என் தோளைத் தட்டினார்.

"இனிமே பென்ஷன் ஜாஸ்தியா வரும் இல்லடா?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். பெற்ற தகப்பன் என்று பார்க்கவில்லை.

"யோவ், இது தோலு இல்லய்யா! கொறை இருந்தாத்தான் இங்க காசு. ஜாஸ்தி கொறை, ஜாஸ்தி காசு. இருவதுக்குக் கீழ எறங்கினா ஒண்ணுமே கெடையாது. எல்லாம் போச்சு. என் படிப்பு போச்சு. என் கழுத்தை அறுத்துட்டே!"

அப்பாவுக்குப் புரியவில்லை. "கொறைக்கு எவனாவது காசு குடுப்பானா?" என்றார். துரைசாமியைப் பார்த்தார். துரைசாமி வாயசைவிலேயே புரிந்துகொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த கை இல்லாதவனைப் பார்த்தார். அவனும் ஆட்டினான். அதற்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது. என் பிடியை உதறிவிட்டு அறைக்குள் ஓடப் பார்த்தார். பியூன் மறித்தான். அதற்குள் தமிழ் மேஜர் சாப்பிடப் போக வெளியே வந்தார். அப்பா அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"ஐயா, நான் சொன்னது அத்தினியும் பொய்ங்க. கொறை இருக்குதுங்க. நெறைய இருக்குது."

"நீங்க சொன்னதுக்காகவா போட்டோம், பெரியவரே? எங்க கண்ணு முன்னாடி நடந்தாரே. வேணும்னா அப்பீல் எழுதிப் போடச் சொல்லுங்க. பல மாசம் ஆகும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று மத்தியானம் லீவுக்குப் பிறகு முதல் லேப். போவதா வேண்டாமா என்று நான் யோசிக்கக்கூட இல்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்தேன். அப்பா பத்தடி பின்னால் வந்தார். பஜாரில் ஒருமுறை திரும்பி, 'ஊருக்குப் போய்த் தொலை' என்றேன். நின்றார். நான் நடந்ததும் அவரும் நடந்தார்.

புது அடி விறைப்பாக இருந்தது. மாடிப்படியிலேயே தழும்பு வெடித்துவிட்டது. காலையில் வெடித்திருக்க வேண்டிய தழும்பு. லேபில் என் இடத்தில் நின்று சோதனைக் குழாயில் ஆசிடை ஊற்றியபோது, கட்டுத்துணி நனைந்து குதிகாலுக்குக் கீழே வழுக்குவது தெரிந்தது. கோதண்டபாணி நாற்காலியை விட்டு எழுந்து வழக்கம்போல் ஒரு சுற்று வந்தார். என்னிடம் வந்ததும் வழக்கம்போல் பார்வை கீழே போனது. குழாயை ஸ்டாண்டில் வைத்தேன். நேராக நடந்துபோய் அவருடைய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பையன்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"எழுந்திருங்க" என்றார்.

"முடியாது."

"என்ன சொன்னீங்க?"

"முடியாது சார். என்னால நிக்க முடியாது. இத்தனை மாசமும் நின்னதெல்லாம் நடிப்பு." பூட்ஸைக் கழற்றி அவர் மேஜைமேல், வருகைப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பளபளப்பான வாய் வழியாக உள்ளே இருந்த சிவப்பு எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோதண்டபாணி பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, தேடியது கிடைத்த திருப்தியோடு சொன்னார்: "அப்போ நான் முதல் நாள் சொன்னது சரிதான். பிரின்சிபால் ரூமுக்கு வாங்க."

"ஐயா" என்று வாசலில் குரல் கேட்டது.

அப்பா. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த பூட்ஸை எடுத்தார், வாயை விரித்து உள்ளே விரலை விட்டுத் தடவினார், வெளிச்சத்தில் விரலைப் பார்த்தார். அவர் பொறுக்கின தோல். துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"கொறை இருக்குதுங்க. வெளிய தெரியாத மாதிரி மூடி வெச்சது நான்தான். அவனால நிக்க முடியாது. உக்காந்தே படிக்கட்டுங்க ஐயா" என்றார்.

வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் சரக்கின் குறையை எதிராளியிடம் வாய் திறந்து சொல்கிறார். காலையில், பென்ஷன் கொடுக்கிறவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை, எந்த நாளும் தெரியக்கூடாது என்று நான் ரத்தம் சிந்தி மறைத்து வைத்த ஆளிடம் வந்து சொல்கிறார். அவரை அந்த நிமிஷம் வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. அந்த நிமிஷம்தான் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. அதற்காக அவரை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

கோதண்டபாணி அப்பாவைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். அவர் முகம் மெதுவாக இளகியது. 'ஐயோ பாவம்' கட்சியில் ஒரு ஆள் சேருவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"சரி. இன்னைக்கு ஒரு நாள் உட்கார்ந்து செய்யட்டும்" என்றார்.

"ஒரு நாள் இல்ல சார். டெர்ம் முடியற வரைக்கும்."

"அப்போ நான் எங்கய்யா உட்கார்றது?"

"நீங்க நில்லுங்க சார். உங்களுக்குத்தான் ரெண்டு காலும் இருக்கே."

ஒரு பையனும் சிரிக்கவில்லை. அடுத்த டெர்ம் பீஸுக்கு எனக்கு வழி தெரியாது. இந்த டெர்முக்குக் கட்டியாகிவிட்டது. நாற்காலியை இழுத்து என் மேஜைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சோதனையைத் தொடர்ந்தேன்.